களிமண்ணில் நீர்நாயின் காலடி

காட்டாறு ஒன்றின் கரையில் துடுப்பன் என்னும் நீர்நாய் தன் மனைவி சுழலியோடும் குட்டிகளோடும் வாழ்ந்துவந்தது. அந்தக் காட்டுக்கு அரசன் இல்லை. ஓர் அவைதான் அதை ஆண்டது. யானை, கரடி, கடமான், காட்டெருது என்று ஒவ்வோர் இனமும் தன் உறுப்பினரை அவைக்கு அனுப்பியது. ஆமை, தவளை, நண்டு, மீன் ஆகிய நீர்வாழ் உயிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் உறுப்பினர். அந்த இடம் துடுப்பனுக்குக் கிடைத்திருந்தது. மீன்கள் ஏன் நீர்நாய்க்கு வாக்களித்தன என்று கேட்கக் கூடாது. தேர்தலன்று அது அவ்வளவு அழகாகப் பேசியது.

அவையில் வாக்களிக்கும் முறை எளியது. ஆற்றோரத்தில் ஈரக் களிமண் பரப்பு ஒன்று இருந்தது. அதன் நடுவே பழைய மருதமரம் ஒன்று விழுந்து கிடந்தது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அடிகளின் வரிசை ஒன்று. அது வேண்டும் என்போர் அம்மரத்துக்குக் கிழக்கே ஓர் அடி பதிப்பர். வேண்டாம் என்போர் மேற்கே பதிப்பர். வெயிலில் காய்ந்து அந்த அடிகள் செங்கல்லைப்போல் இறுகிவிடும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் ஆறு கரையேறி எல்லா அடிகளையும் கரைத்துவிடும். மழை ஓய்ந்த பிறகுதான் தேர்தல் வரும். அப்போது களிமண் வழவழவென்று புதிதாக இருக்கும். உறுப்பினர்களின் பேச்சும் அப்படியே இருக்கும்.

அவை இட்ட கட்டளையால் தீங்கு நேரும் என்று நினைக்கும் உயிர்கள் முறையிடவும் ஓர் இடம் இருந்தது. காட்டின் நீதிபதி ஒரு பெண் இருவாட்சி. முட்டையிடும் கோடைக்காலத்தில் அது உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் நுழைந்து, வாயிலைச் சேற்றால் அடைத்து, அலகு நீளும் அளவுக்குப் பிளவு மட்டும் விட்டுக்கொள்ளும். ஆண் இருவாட்சி பழம் கொண்டுவந்து ஊட்டும். வழக்குகள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் கேட்கப்படும். உள்ளே அடைபட்டிருக்கும் பறவைக்கு வந்தவரின் கொம்பும் தெரியாது, பல்லும் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும்.

முன்னொரு கோடையில், மான்கள் நீர் அருந்த இறங்கும் சரிவை அகலப்படுத்த அவை கட்டளையிட்டது. தவளைகள் முறையிட்டன. சரிவில் தங்கள் பாட்டு எதிரொலிக்கும் அழகு கெட்டுவிடும் என்பது அவற்றின் வழக்கு. விசாரணை முடியும்வரை வேலை நின்றது. அதற்குள் மான்கன்று ஒன்று பழைய பாதையில் வழுக்கிக் காலொடிந்தது. அவை கொதித்தது. "வழக்குத் தொடுத்துத் தோற்பவர் அடுத்த மழைக்காலம் முழுவதும் வாய்திறக்கக் கூடாது" என்று ஒரு தீர்மானம் வந்தது. துடுப்பன் அந்தக் கன்றின் காலை நினைத்தது. கிழக்கே அடி பதித்தது. அதில் தீய எண்ணம் ஏதுமில்லை.

தவளைகள் வழக்கில் தோற்றன. அடுத்த மழை முழுவதும் மௌனமாக உட்கார்ந்திருந்தன. பாட்டில்லாமல் எந்தப் பெண் தவளை திரும்பிப் பார்க்கும்? அந்த ஆண்டு தவளைக் குலத்தில் ஒரு திருமணமும் நடக்கவில்லை.

மழை ஓய்ந்து தேர்தல் வந்தபோது துடுப்பன் அவற்றிடம் போயிற்று. "உங்களை நினைத்து என் நெஞ்சு எவ்வளவு வருந்தியது தெரியுமா?" என்றது. அது உண்மைதான். தன் அடி எந்தப் பக்கம் இருந்தது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. களிமண்ணும் சொல்லவில்லை. துடுப்பன் மீண்டும் வென்றது.

அடுத்த கோடையில் இன்னொரு தீர்மானம் வந்தது. அக்காட்டின் காக்கைகள் மீனுக்காகவும் எறும்புக்காகவும் மரத்துக்காகவும் கூட்டமாக வந்து வழக்காடுவது வழக்கம். அவையின் வழக்குரைஞரான நாநயன் என்னும் நரிக்கு அது பிடிக்கவில்லை.

"எறும்புக்கு வருத்தம் என்றால் எறும்பு வரட்டுமே. காக்கைக்கு அங்கே என்ன வேலை?" என்றது நரி. "ஓர் இடத்தில் வாழ்பவர் மட்டுமே அந்த இடத்துக்காக முறையிடலாம் என்று விதி செய்வோம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவையில் துடுப்பனுக்கு வெயில் படும் நல்ல பாறை ஒன்று இருக்கையாகக் கிடைத்திருந்தது. யானையும் கரடியும் அதை 'வாருங்கள், உறுப்பினரே' என்று அழைத்தன. முதல்முறை யோசித்துக் கிழக்கே வைத்த கால், இரண்டாம் முறை யோசிக்காமலே கிழக்கே போயிற்று.

அந்தக் கோடை கடுமையாக இருந்தது. இக்கரையில் புல் கருகியது. அக்கரையில் மட்டும் பசுமை இருந்தது. காட்டெருதுகளின் கன்றுகள் எலும்பு தெரிய மெலிந்தன. ஆற்றின் நடுவே நீண்ட மணல்திட்டு ஒன்று இருந்தது. அதை வெட்டிச் சரித்து, அந்த மணலால் ஆழமான இடத்தை நிரப்பினால் கன்றுகள் கடந்துபோகலாம். அவைத் தலைவரான திமிலன் என்னும் காட்டெருது அப்படியே கட்டளையிட்டது. அதுவும் கொடுமைக்காகச் செய்ததன்று. கன்றுகளின் பசி பொறுக்காமல் செய்தது.

ஆனால் அந்த மணலுக்குள் கல்லாயி என்னும் ஆமையின் முட்டைகள் இருந்தன. ஆற்றில் உள்ள மற்ற ஆமைகளின் முட்டைகளும் அங்கேதான் இருந்தன. குஞ்சுகள் வெளிவர இன்னும் சில வாரங்கள் வேண்டும்.

கல்லாயி துடுப்பனைத் தேடி வந்தது.

"தம்பி, மணலை வெட்டப் போகிறார்களாமே?"

"நானும் கேள்விப்பட்டேன், அக்கா. மனம் பதறுகிறது."

"பதறட்டும். பதறிவிட்டு என்ன செய்யப் போகிறாய்?"

"அவையில் எடுத்துச் சொல்கிறேன்."

"சொல். உன் வாய் எப்போதும் நல்ல வாய்தான். நான் நீதியம்மையிடம் போய்வருகிறேன்."

துடுப்பன் புதிய விதியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தது. பிறகு சொல்லாமல் விட்டுவிட்டது.

இருவாட்சியின் மரத்தடிக்குக் கல்லாயி நடந்து சேர்ந்தபோது, நாநயன் முன்னமே அங்கு வந்து காத்திருந்தது.

"அம்மா, நீங்கள் வாழும் இடம் எது?" என்று நரி பணிவாகக் கேட்டது.

"ஆற்று நீர்."

"மணல்திட்டில் வாழ்பவர் யார்?"

"என் முட்டைகள்."

"அப்படியானால் அவை வந்து முறையிடட்டும். நான் காத்திருக்கிறேன்."

கூடியிருந்த குரங்குகள் சிரித்தன. கல்லாயி மரத்தை அண்ணாந்து பார்த்தது.

பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "கல்லாயி, நானும் முட்டைகளோடுதான் இங்கே அடைந்து கிடக்கிறேன். உன் வருத்தம் எனக்குப் புரியாதது அன்று. ஆனால் விதியை இயற்றுவது அவை. நீ அத்திட்டில் வாழவில்லை. உன் வழக்கை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்கொள்ளாத வழக்கில் தோல்வியும் இல்லை. ஆகையால் உன் குரல் உன்னிடமே இருக்கும்."

"அந்தக் குரலை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவது, அம்மா?" என்று கேட்டது ஆமை.

கல்லாயி நேரே வீடு திரும்பவில்லை. களிமண் பரப்புக்குப் போயிற்று. அந்த விதி நிறைவேறிய வரிசையைத் தேடிக் கண்டுபிடித்து நின்றது. குளம்புகள், நகங்கள், யானையின் வட்டமான பெரிய அடி எல்லாம் கிழக்கே இருந்தன. அவற்றின் நடுவே விரல்களுக்கிடையே தோல் விரிந்த சின்னஞ்சிறு அடி ஒன்றும் இருந்தது.

மாலையில் துடுப்பன் கரையில் மீன் தின்றுகொண்டிருந்தபோது ஆமை வந்து சேர்ந்தது.

"தம்பி, களிமண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

துடுப்பனின் வாயிலிருந்து மீன் நழுவி நீரில் விழுந்தது.

"அவையில் விரலிடைத் தோலுள்ள கால் உன்னுடையது ஒன்றுதான். அதனால் எனக்குத் தேடும் சிரமமே இருக்கவில்லை" என்றது கல்லாயி. குரலில் கோபம் இல்லை. அதுதான் துடுப்பனுக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான் காக்கைகளை மனத்தில் வைத்து..."

"காக்கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. பறந்துபோய் வேறு மரத்தில் கத்துகின்றன. என் முட்டைகளுக்குப் பறக்கத் தெரியாது."

அவ்வளவுதான். ஆமை நீரில் இறங்கிவிட்டது.

அருகிலிருந்த மழையப்பன் என்னும் கிழத்தவளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. "உறுப்பினரே, அந்த மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் உங்களுக்கு வாக்களித்த மீனாக இருக்கப் போகிறது" என்று சொல்லிவிட்டுத் தத்திப்போயிற்று.

மறுநாள் துடுப்பன் திமிலனிடம் போய் முறையிட்டது. காட்டெருது பொறுமையாகக் கேட்டது.

"துடுப்பா, ஆமை முட்டைகளுக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் என் கன்றுகளை நீயே பார். மழைவரை அவை தாங்கா. எதிர்ப்பவர் இருந்தால் முறையிடட்டும். முறையிடத் தகுதியுள்ளவர் யார் என்று நாம் எல்லாரும் சேர்ந்துதானே முடிவு செய்தோம்? உன் காலும் அங்கே இருக்கிறதே."

துடுப்பன் தலைகுனிந்து வீடு வந்தது. சுழலி குட்டிகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டதும் அது கணவனை ஏற இறங்கப் பார்த்தது.

"வாயை ஆற்றுக்குக் கொடுத்தீர்கள். காலை அவைக்குக் கொடுத்தீர்கள். இனிக் கொடுக்க என்ன மிச்சம்?"

துடுப்பன் திரும்பி மணல்திட்டைப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது.

"சுழலி, அங்கே வளை தோண்ட முடியுமா?"

"அந்தக் கொதிக்கும் மணலிலா? நிழலே இல்லையே."

"நாணல் புதர் ஒன்று இருக்கிறது. அதன் வேரடியில் தோண்டலாம். அங்கே குடிபோனால் நாம் அத்திட்டில் வாழ்பவர்கள். விதிப்படி முறையிடலாம்."

சுழலிக்கு அப்போதுதான் விளங்கியது. அதன் முகம் மாறியது. "உறுப்பினர் அவைக்கு எதிராக வழக்காடினால் இருக்கை போய்விடுமே?"

"போகும்."

"இருக்கை போனால் போகட்டும். வழக்கில் தோற்றுவிட்டால்? மழைக்காலம் முழுவதும் நீங்கள் வாய்திறக்கக் கூடாது. வெள்ளத்தில் குட்டிகளைச் சீழ்க்கையடித்துத்தானே கூப்பிடுகிறோம்? நான் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நின்று கூப்பிட்டால்தான் சுழலில் சிக்காமல் கரை சேர்கின்றன. என் ஒரு குரல் போதுமா?"

அந்த விதிக்காகத் தான் அடி பதித்த நாளில் தன் குட்டிகளைத் துடுப்பன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தவளைகளின் வாயைத்தான் கட்டுகிறோம் என்று நம்பியிருந்தது.

சுழலி குட்டிகளைப் பார்த்தது. நீருக்கு நடுவே தெரிந்த மணலைப் பார்த்தது. பிறகு ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு திட்டை நோக்கி நீந்தத் தொடங்கியது.

நீர்நாய்க் குடும்பம் மணலுக்குக் குடிபோன செய்தி காடெங்கும் பரவியது. "உறுப்பினருக்கு வெயில் போதவில்லை போலிருக்கிறது" என்று குரங்குகள் கேலி பேசின. துடுப்பன் தன் பாறையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு மரத்தடிக்குச் சென்றது.

அன்று வழக்கைக் கேட்கக் காடே கூடியிருந்தது. திமிலனும் வந்திருந்தது.

"நீர் மணல்திட்டுக்கு எப்போது குடிவந்தீர்?" என்று நாநயன் தொடங்கியது.

"முந்தாநாள்."

"வழக்காடுவதற்காகவே வந்தீர், இல்லையா?"

"ஆமாம்."

நரி கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தது. "நீதியம்மையே, கேட்டீர்களா? இவர் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்."

"கேட்டேன்" என்றது பொந்துக்குள் இருந்த குரல். "ஓர் இடத்தில் எத்தனை நாள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதியில் ஏதாவது சொல்லியிருக்கிறதா?"

நரி சற்றுத் தயங்கியது. "இல்லை."

"விதியை அமைத்தவர் யார்?"

"நான்தான்."

பிளவருகே அமர்ந்திருந்த ஆண் இருவாட்சிக்குச் சிரிப்பு வந்ததில் அலகிலிருந்த அத்திப்பழம் நழுவி நரியின் தலையில் விழுந்தது.

நாநயன் பழத்தைத் துடைத்துவிட்டுக் குரலை உயர்த்தியது. "இதே விதிக்குக் கிழக்கே அடி பதித்தவர் இவர். களிமண்ணைப் போய்ப் பாருங்கள். அன்று வேண்டும் என்றவர் இன்று எந்த முகத்தோடு வந்து நிற்கிறார்?"

எல்லாரும் துடுப்பனைப் பார்த்தனர்.

"அது என் அடிதான்" என்றது துடுப்பன். "நரியார் சொல்லாத இன்னோர் அடியும் உண்டு. தோற்றவர் வாய்திறக்கக் கூடாது என்ற விதிக்கும் நான் கிழக்கேதான் நின்றேன். அதை மழை கரைத்துவிட்டது. தவளைகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்."

மழையப்பன் தன் பெரிய கண்களை மூடித் திறந்தது.

"சரி. உன் வழக்கைச் சொல்" என்றது இருவாட்சி.

"மணலை வெட்டினால் என் வளை போகும். அதனினும் பெரிது, ஆமைகளின் முட்டைகள் போகும். குஞ்சுகள் வெளிவரும்வரை வேலையை நிறுத்தவேண்டும்."

"அதுவரை கன்றுகள் என்ன செய்யும்? அவற்றின் பசியும் என் காதில் விழுகிறது. அக்கரைக்கு வேறு வழியே இல்லையா?"

"இருக்கிறது. ஆறு வரும் பக்கமாகச் சற்று மேலே, தாழைப்புதரை ஒட்டி ஆற்றின் அடியில் பாறை பரந்திருக்கிறது. கோடையில் அங்கே கன்றின் முழங்காலளவுதான் நீர். கலங்கிய நீராகையால் மேலிருந்து பார்த்தால் ஆழம்போல் தோன்றும். நாள்தோறும் அதன்மேல்தான் நான் மீன் பிடிக்கிறேன்."

திமிலன் திடுக்கிட்டு முன்னே வந்தது. "இதை ஏன் அவையில் சொல்லவில்லை?"

"அவையில் என்னை யாரும் கேட்கவில்லை, தலைவரே. நானும் பேசவில்லை. அடி மட்டும் பதித்தே பழகிவிட்டேன். தனியே உங்களிடம் வந்தபோதும் என் அடியை நீங்கள் சொன்னதும் தலைகுனிந்து திரும்பிவிட்டேன்."

பொந்திலிருந்து தீர்ப்பு வந்தது. "குஞ்சுகள் நீரில் இறங்கும்வரை மணலை யாரும் தொடக் கூடாது. கன்றுகள் தாழைப்புதர் வழியாகப் போகட்டும். துடுப்பன் வழிகாட்டட்டும். அவன் குரல் அவனிடமே இருக்கட்டும்."

அன்று மாலையே துடுப்பன் முன்னே நீந்தியது. திமிலன் நீரில் ஒவ்வோர் அடியாக வைத்துச் சோதித்து, பாறை தாங்குகிறது என்று கண்டபின் கன்றுகளை அழைத்தது. அக்கரையில் அவை புல்லில் வாய்வைத்த ஓசை இக்கரைவரை கேட்டது.

சில வாரங்களுக்குப் பின் மணல் அசைந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டி, தத்தளித்து, நீரை நோக்கி ஓடின. நீர்நாய்க் குட்டிகள் ஒதுங்கி நின்று வழிவிட்டன. ஒரு குட்டி மட்டும் ஒரு குஞ்சை மோந்து பார்த்துச் சுழலியிடம் அடி வாங்கியது. இருவாட்சியும் சேற்றுச் சுவரை உடைத்துக்கொண்டு தன் குஞ்சோடு வெளியே வந்தது.

மழை வந்தது. ஆறு பெருகியது. ஆற்றின் இரு பக்கத்திலும் நின்று துடுப்பனும் சுழலியும் சீழ்க்கையடித்துக் குட்டிகளை அழைத்தன. குட்டிகள் எல்லாம் கரை சேர்ந்தன. களிமண்ணில் இருந்த அடிகள் அனைத்தும் கரைந்தன.

மழை ஓய்ந்ததும் நாநயன் துடுப்பனைத் தேடி வந்தது. "பழையதெல்லாம் கழுவிப் போயிற்று. இப்போது தேர்தலில் நின்றால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது" என்றது நட்போடு.

துடுப்பன் தேர்தல் கூட்டத்தில் எழுந்து நின்றது. "நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் போகிறவர் முதலில் ஒரு காரியம் செய்யவேண்டும். வாக்களிக்கும் இடத்தை மழை படாத பாறைக் குடைவுக்குள் மாற்றச் சொல்லுங்கள். என் முதல் அடி அழியாமல் இருந்திருந்தால் நீங்கள் அன்றே என்னைக் கேட்டிருப்பீர்கள். கேட்டிருந்தால் இரண்டாம் அடியை நான் அங்கே வைத்திருக்க மாட்டேன்."

"அதையும் நீயே போய்ச் செய்" என்றது கல்லாயி. "நான் போனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்."

தவளைகள் சிரித்தன. ஆனாலும் அவற்றில் பல துடுப்பனுக்கு வாக்களிக்கவில்லை. பாட்டில்லாத அந்த மழைக்காலத்தை அவை மறக்கவில்லை. மறக்கவேண்டும் என்று துடுப்பனும் கேட்கவில்லை. மற்ற உயிர்களின் வாக்குகளால் அது மயிரிழையில் வென்றது.

வாக்களிக்கும் இடம் குடைவுக்குள் மாறியது. பிறருக்காக முறையிடக் கூடாது என்ற விதியை நீக்கத் தீர்மானம் வந்தபோது, கிழக்கே முதலில் பதிந்த அடி திமிலனின் கனத்த குளம்பு. அதனருகே விரலிடைத் தோலோடு ஒரு சிறிய அடி பதிந்தது. அந்த விதி நீங்கியது. வாய்திறக்கக் கூடாது என்ற விதி மட்டும் ஓர் அடி குறைந்ததால் நீங்கவில்லை. தவளைகள் மழைக்காலமெல்லாம் இன்னும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. இப்போது அவை ஆண்டுதோறும் பாறைக் குடைவுக்குத் தத்திப்போய் ஒவ்வோர் அடியையும் பார்த்துவிட்டு வருகின்றன.

நமக்காக அவைக்குச் செல்பவரின் பேச்சைக் கேட்பதோடு நில்லாமல் அவர் அடி எந்தப் பக்கம் பதிந்தது என்று நேரில் போய்ப் பார்க்கவேண்டும்; அது பதிந்த இடம் தவறென்று தாமே ஒப்புக்கொண்டு, இழப்புக்கு அஞ்சாமல் திருத்திக்கொள்பவருக்கு மறுமுறை இடம் கொடுக்கவும் வேண்டும்.